மலச்சிக்கலுக்கு பிசியோதெரபியா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 7 வயது, தரம் 2 படிக்கிறான். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான். அதுவும் கக்கூசு அடைக்கிற அளவுக்குப் பெரிதாக, அழுதுகொண்டே போகிறான். இடையில் தினமும் காற்சட்டையில் கொஞ்சம் பட்டிருக்கும். கேட்டால் தெரியாது என்கிறான். சில இரவுகளில் படுக்கையும் நனைகிறது. டொக்டர் தந்த பாணி மருந்தை ஒரு கிழமை கொடுத்தோம், ஒழுங்காகப் போனது. நிறுத்தியதும் பழையபடி. பிடிவாதம் என்று அப்பா ஏசுகிறார். அம்மம்மா சோப்புத் துண்டு வைக்கச் சொல்கிறார். கொழும்பில் இருக்கும் தங்கை பிசியோதெரபிக்குக் காட்டச் சொல்கிறாள். அது கைகால் வழங்காதவர்களுக்குத்தானே?
(ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை)

பதில்: மகன் ‘தெரியாது’ என்று சொல்வது உண்மை. நாள்கணக்கில் மலம் தேங்கி மலக்குடல் விரிந்துவிட்டால், போக வேண்டும் என்ற உணர்வே மங்கிவிடும். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு மேலேயிருந்து இளகிய மலம் கசியும். அது வருவதும் அவனுக்குத் தெரியாது, மணப்பதும் அவ்வளவாகத் தெரியாது. இதை வயிற்றோட்டம் என்று நினைத்து அதற்கு மருந்து கொடுக்கிற வீடுகளும் உண்டு. ஏசினால் கசிவு நிற்காது, காற்சட்டையை ஒளித்து வைக்கத்தான் பழகுவான்.

பெரும்பாலும் இது ஒருமுறை பட்ட வலியில் தொடங்குகிறது. காய்ச்சலுக்குப் பிறகோ, கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தோ, மலம் ஒருமுறை இறுகிப் போகும். அல்லது பள்ளிக்கூட மலசலகூடத்துக் கதவுக்குக் கொக்கி இல்லாததால் பிள்ளை அடக்கத் தொடங்கும். அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். கதவுக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் முகம் சிவக்க நிற்பானே, அதைப் பார்த்து முக்குகிறான் என்று நினைத்திருப்பீர்கள். அநேகமாக அவன் வெளியே விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. இலங்கையில் 10 முதல் 16 வயது வரையான பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வில் 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு மலச்சிக்கல் இருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலம் கழிப்பதும் தசைகளின் வேலைதான். இடுப்பெலும்புக்கு அடியில், மலவாயைச் சுற்றி, தொட்டில் மாதிரி ஒரு தசைத்தளம் இருக்கிறது. மற்ற நேரம் இறுகியிருக்கும் அது, மலம் கழிக்கும்போது தளர வேண்டும். மாதக்கணக்கில் அடக்கிப் பழகிய பிள்ளை முக்கும்போது அது தளராமல் இன்னும் இறுகுகிறது. பாணி மருந்து மலத்தை இளக்கும், ஆனால் இந்தப் பழக்கத்தை மாற்றாது. அதை மாற்றப் பழக்குபவர்தான் இயன்மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட்.

பயந்துவிடாதீர்கள், சிறு பிள்ளைகளுக்கு இதில் ஊசியும் இல்லை, உள்ளே விரல் விட்டுப் பார்ப்பதும் பொதுவாக இல்லை. முதல் சந்திப்பில் பெரும்பகுதி பேச்சுத்தான்: எப்போது போகிறான், எப்படி உட்காருகிறான், என்ன குடிக்கிறான். பிறகு உட்கார வைத்து, முக்கும்போது வயிறும் மூச்சும் என்ன செய்கின்றன என்று பார்ப்பார். மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துப் பிட்டத்தை இறுக்குகிற பிள்ளைகள் நிறைய. அவர்களைப் படுக்க வைத்து வயிற்றில் ஒரு பொம்மையை வைத்து, மூச்சு இழுக்கும்போது பொம்மை உயர வேண்டும் என்று பழக்குவார்கள். மலவாயை ஒருமுறை இறுக்கச் சொல்லிப் பிறகு விடச் சொல்வார்கள். இறுக்கம் எது, தளர்வு எது என்று பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் பிடிபடும். கக்கூசில் இருக்கும்போது சவர்க்கார நீர்க்குமிழி ஊதவோ பலூன் ஊதவோ கொடுப்பார்கள். ஊதும்போது வயிறு முன்னே தள்ளும், அந்தத் தசைத்தளம் தானாகத் தளரும். பிள்ளைக்கு அது விளையாட்டு. வயிறு தடவும் முறையையும் உங்களுக்குக் காட்டித் தருவார்கள்: வலது அடிவயிற்றிலிருந்து மேலே, குறுக்காக, பிறகு இடப்பக்கம் கீழே. சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது.

மலச்சிக்கல் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில், நாட்பட்ட சிக்கலோடு வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளுக்கு மருந்தோடு சேர்த்து இந்தப் பயிற்சி நல்ல பலன் தந்தது. குடும்ப வைத்தியரிடம் வந்த பிள்ளைகளை மொத்தமாகப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகன் முதல் வகை. தங்கை சொன்னது சரி.

ஆனால் உள்ளே அடைந்திருப்பதை முதலில் அகற்றாமல் பயிற்சிக்கு அனுப்பிப் பிரயோசனமில்லை. வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கில் காட்டுங்கள். நிறையைப் பார்த்து, மலத்தை இளக்கும் மருந்தான மக்ரோகோலோ லக்டுலோஸோ சில நாள் கூடிய அளவில் தருவார்கள், அந்த நாள்களில் கசிவு கூடலாம். அப்புறம் அளவைக் குறைத்துத் தொடர வேண்டும். இங்கேதான் பலர் விடுகிறார்கள். விரிந்த குடல் பழைய நிலைக்கு வரக் காலம் எடுக்கும். குறைந்தது 2 மாதம், பல பிள்ளைகளுக்கு அதைவிடக் கூட. நீங்கள் ஒரு கிழமையில் நிறுத்தியதால்தான் பழையபடி வந்தது. ‘குடல் மருந்துக்குப் பழகிவிடும்’ என்ற பயம் இந்த மருந்துகளுக்குப் பொருந்தாது. நிறுத்துவதையும் டொக்டர் சொல்லிப் படிப்படியாகச் செய்யுங்கள். இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தரும்படி அதே கிளினிக்கில் கேளுங்கள்.

வீட்டில் இன்றைக்கே மாற்றக்கூடியது உட்காரும் விதம். பழைய குந்தும் கக்கூசு என்றால் நல்லதுதான். கொமட் என்றால் பிள்ளையின் கால் தொங்கும், விழுந்துவிடுவோமோ என்று கையை ஊன்றித் தொடையை இறுக்கிக்கொள்வான். காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கட்டும், முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னே சாயட்டும். ஓட்டை பெரிதென்றால் சிறுவருக்கான வளையம் கடையில் கிடைக்கும். சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் இருத்துங்கள். ஏழரைக்குப் பள்ளிக்கூடம் என்றால் காலையில் அவதிதான், ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் போதும். இருந்ததற்குப் பாராட்டுங்கள், போனதற்கு அல்ல. போவது அவன் கையில் இல்லை.

சாப்பாட்டில் மரக்கறி, கீரை, பப்பாசி, பயறு எல்லாம் இருக்கட்டும், ஆனால் அதுவே மருந்தாகிவிடாது. பால்மா கரைத்த பாலை நாளெல்லாம் கொடுக்கிறீர்கள் என்றால் குறையுங்கள். பசி எடுக்கும்.

அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சோப்பும் வேண்டாம், வெற்றிலைக் காம்பும் வேண்டாம். சோப்பு மலவாயின் மென்தோலை எரிக்கும். அதைவிட, அந்த இடத்தைப் பற்றிய அவனுடைய பயம் இரட்டிப்பாகும்.

வயிறு ஊதி வாந்தி எடுத்தால், அதுவும் பச்சையாக எடுத்தால், கிளினிக் நாளைக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நிறை குறைகிறது, நடை தளர்கிறது, முதுகின் அடியில் குழியோ மயிர்க்கொத்தோ இருக்கிறது, பிறந்து 2 நாளுக்குள் முதல் மலம் போகவில்லை என்றால் அதையும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவை வேறு காரணத்தைத் தேட வைக்கும்.

படுக்கை நனைவதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நிறைந்த மலக்குடல் முன்னாலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தும், ஆகவே மலச்சிக்கல் தீரும்போது பல பிள்ளைகளுக்கு அதுவும் குறையும். இப்போதைக்கு அதற்கென்று தனி மருந்து தேட வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது எரிவோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மலம் ஒழுங்காகிச் சில மாதம் கழித்தும் படுக்கை நனைந்தால், அப்போது அதைத் தனியாகப் பார்க்கலாம்.