கம்பம் வராத வீட்டுக்குக் கரண்ட்: சோலார் கேள்வி–பதில்

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்கு நாலு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே ஓட்டு வீடு. ஈ.பி. கம்பம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றுவிட்டது. சோலார் போடலாம் என்று கடையில் கேட்டதற்கு, ஒரு கிலோவாட் பேனலும் 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டும் போதும், தினமும் அஞ்சு யூனிட் வரும் என்கிறார்கள். லைட் அஞ்சு, ஃபேன் இரண்டு, டி.வி., சின்ன ஃப்ரிட்ஜ், மிக்ஸி, பையனின் லேப்டாப், வைஃபை, தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்ற அரை ஹெச்.பி. மோட்டார். இதற்குப் போதுமா அண்ணா?
– ஒரு வாசகி, தாண்டிக்குடி

பதில்: போதாதும்மா. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கடையில் உட்கார்ந்து பேசும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

நான் வத்தலக்குண்டில் இருந்துகொண்டு இருபது வருஷமாக இந்த மலைகளில்தான் சோலார் மாட்டி வருகிறேன். யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, ஐப்பசி கார்த்திகையில் உங்கள் வீட்டு முற்றத்தில் வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்பதுதான். சித்திரை வெயிலை வைத்துக் கணக்குப் போட்டால் எந்த சிஸ்டமும் நல்ல சிஸ்டமாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை இறங்கி, நாலு நாள் மேகம் மலையை விட்டு நகராமல் கிடக்கும்போது ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். அந்த நாலு நாளுக்குத்தான் டிசைன்.

செலவிலிருந்து ஆரம்பிப்போம். 9 வாட் எல்.இ.டி. அஞ்சு, அஞ்சு மணி நேரம்: 225 வாட்-மணி. ஃபேன் இரண்டும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் வகை என்றால் ஆறு மணி நேரத்துக்கு 360. பழைய 75 வாட் ஃபேன் என்றால் அதே நேரத்துக்கு 900 போய்விடும், அதனால் பேனல் வாங்கும் முன்னால் ஃபேனை மாற்றுங்கள். டி.வி. 150. ஃப்ரிட்ஜ் 600. லேப்டாப் 240. மிக்ஸி 750 வாட் என்று பயமுறுத்தும், ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஓடும், 150. மோட்டார் முக்கால் மணி நேரம், சுமார் 410. வைஃபையும் போன்களும் 200. கூட்டினால் 2,335.

இதோடு நிறுத்திவிடுவார்கள். இன்வெர்ட்டர் தனக்கென்று சாப்பிடுவதை யாரும் எழுதுவதில்லை. வீட்டில் ஒரு லைட்கூட எரியாவிட்டாலும் அது ஆன் ஆகியிருந்தாலே 20, 25 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்துக்கு 600. உங்கள் ஃப்ரிட்ஜ் சாப்பிடும் அளவு அது! ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். ஆக, ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட மூன்று யூனிட்.

இப்போது கடைக்காரர் சொன்ன அஞ்சு யூனிட். ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வெயில் ஒரு மணி நேரம் விழுந்தால் அதை ஒரு முழு வெயில் மணி என்று எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டுச் சமவெளியில் வருஷ சராசரி அஞ்சு மணியை ஒட்டி வரும். அதைத்தான் ஒரு கிலோவாட்டால் பெருக்கி அவர் அஞ்சு என்கிறார். பேனல் சூடு, தூசி, ஒயர், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டது போக கைக்கு வருவது எழுபது, எழுபத்தைந்து சதவீதம். மூட்டமான மலைநாளுக்கு நான் இரண்டு மணிக்கு மேல் கணக்கு வைப்பதில்லை. ஒரு கிலோவாட், இரண்டு மணி, எழுபது சதவீதம் என்றால் ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் தேவையில் பாதி. மீதியைப் பேட்டரியில் இருந்து உறிஞ்சுவீர்கள், மூன்றாம் நாள் அது மண்டையைப் போட்டுவிடும்.

அதனால் 540 வாட் பேனல் நான்கு போடுங்கள். 2,160 வாட். அதே மூட்ட நாளிலும் மூன்று யூனிட் வந்துவிடும். பேனல் இப்போது பழைய காலம் மாதிரி விலை இல்லை. இந்த சிஸ்டத்தில் பணம் தின்பது பேட்டரிதான். பேனலில் தாராளமாக இருந்தால் பேட்டரி ஆயுள் தானாக நீளும்.

பேட்டரி 48 வோல்ட்டுக்குப் போங்கள். 1,000 வாட் இழுத்தால் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். 48 வோல்ட்டில் 21தான். ஒயரும் சூடாகாது, செம்புக்கும் அவ்வளவு காசு அழ வேண்டாம். 150 ஏ.ஹெச். சோலார் டியூபுலர், அதாவது 12 வோல்ட் ஆசிட் பேட்டரி, நான்கை வரிசையாக (சீரீஸில்) கோத்தால் லேபிள்படி 7.2 யூனிட். அதில் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆக உங்களுக்கு 3.6. ஒரு ராத்திரி, அப்புறம் அதை அடுத்து வரும் வெயிலில்லாத ஒரு பகல். கடைக்காரர் சொன்ன இரண்டு பேட்டரியில் அது 1.8 ஆகியிருக்கும், ராத்திரி மட்டுமே உங்களுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 51.2 வோல்ட், 100 ஏ.ஹெச். ஒரே பெட்டி, 5.12 யூனிட். எண்பது சதவீதம் தாராளமாக எடுக்கலாம், அதாவது நாலு யூனிட். உங்கள் இடத்துக்கு நான் லித்தியத்தைத்தான் சொல்வேன். டியூபுலர் ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். ஜீப் போகும் இடம் வரை சரி, அதற்கப்புறம் காபிச் செடிகளுக்கு நடுவே ஆசிட் தளும்பாமல் தூக்கிப் போக வேண்டும். நாலைந்து வருஷத்தில் திரும்பவும் அதே சுமை. லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. முதலில் கூடுதலாகப் பணம் போகும், மறுக்கவில்லை.

இன்வெர்ட்டர் 3 கே.வி.ஏ., ஈ.பி. கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் சைன் வேவ் வகை. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைவிட மூன்று நாலு மடங்கு இழுக்கும். மோட்டாரை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் போடுங்கள், பேட்டரியைத் தொடாமல் பேனலே ஓட்டிவிடும்.

பேனல் நான்கையும் எப்படிக் கோப்பது என்பதில் ஒரு விஷயம். நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் இதே மாதிரி 540 வாட் பேனல் மூன்றை வரிசையாகக் கோத்தேன். பேனலின் பின்பக்கம் ஓப்பன் வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ், 49.5 என்று போட்டிருந்தது. மூன்றுக்கு 148.5. பேனலில் இருந்து பேட்டரிக்கு ஏறும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரில் 150 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. சரி, உள்ளேதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. தை மாதம் ஒருநாள் காலை ஏழரைக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கன்ட்ரோலரில் விளக்கே இல்லை. மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை மூக்கில் ஏறியது. பேனல் கண்ணாடியில் அப்போதும் பனித்துளி காயவில்லை.

லேபிளில் இருக்கும் 49.5 என்பது 25 டிகிரிக்கு அளந்தது. குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும். ஒரு டிகிரி குறைய ஏறத்தாழ 0.27 சதவீதம். அன்று காலை 10 டிகிரி. 15 டிகிரிக்கு நாலு சதவீதம் ஏறி, மூன்று பேனலும் சேர்ந்து 154 வோல்ட்டைத் தாண்டிவிட்டது. குளிர்ந்த பேனல் மேல் முதல் வெயில் விழுந்த நிமிஷத்தில் கன்ட்ரோலர் போய்விட்டது. புதுசு என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அது இன்னும் மனசில் இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டில் இரண்டு இரண்டாகக் கோத்து, அந்த இரண்டு ஜோடியையும் பக்கவாட்டில் (பேரலலாக) இணைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு குளிரானாலும் 105 வோல்ட்டுக்குள் நிற்கும். 150 வோல்ட், 60 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனல் தரக்கூடிய அதிகபட்ச வாட்டைத் தேடி எடுக்கும் வகை) போதும்.

பேனல் வைக்கும் இடத்தை டிசம்பரை மனசில் வைத்துப் பாருங்கள். ஏப்ரலில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே போகும், தெற்கே நிற்கும் சில்வர் ஓக்கின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்துவிடும். நட்ட நடு மதியத்திலும் அதே மரம் பேனல் மேல் கோடு போடும். மிளகுக் கொடி ஏறிய ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். தெற்குப் பார்த்து, பன்னிரண்டு பதினைந்து டிகிரி சாய்வு. மழையே தூசியைக் கழுவிவிடும். தரையில் ஸ்டாண்ட் அடித்தால் காட்டெருமை வந்து உரசும், வேலி போட மறக்காதீர்கள்.

கடைசியாக, பேனலுக்கும் பேட்டரிக்கும் டி.சி. பிரேக்கர்தான் போட வேண்டும், பேட்டரியின் வாயிலேயே ஒரு டி.சி. ஃபியூஸும் இருக்க வேண்டும். வீட்டு ஏ.சி. லைனில் கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போகும், அதனால் பிரேக்கர் விழும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். டி.சி.யில் அந்தப் பூஜ்ஜியமே கிடையாது. சாதாரண பிரேக்கரைப் போட்டால் உள்ளே பொறி அணையாமல் நின்று எரியும். ஓட்டு வீட்டில், மர உத்தரத்துக்குக் கீழே, இதில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கவே கூடாது. இடி விழும் மலை, சர்ஜ் புரொடெக்டரும் நல்ல எர்த்தும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஈ.பி. இணைப்பு இருக்கிறது. அதைத் துண்டித்துவிட்டு முழுக்க சோலார் பேட்டரிக்குப் போய்விடலாமா? அரசு மானியம் கிடைக்குமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம் ஐயா. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகத் தரும் இணைப்பை வெட்டிவிட்டு, அதே நூறு யூனிட்டைப் பேட்டரி வழியாக விலை கொடுத்து எடுப்பானேன்? 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் என்று அறிவித்தது ஈ.பி. லைனோடு சேர்ந்த கூரை சோலாருக்கு மட்டும்தான். தனித்து நிற்கும் வீட்டு சிஸ்டத்துக்கு இல்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லைனோடு சேர்ந்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் கட் ஆனாலும் லைட் வேண்டுமென்றால், லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சின்னதாக ஒரு பேட்டரியும் போதும்.

கேள்வி: டியூபுலர் பேட்டரி இரண்டே வருஷத்தில் இறங்கிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். டிஸ்டில்டு வாட்டர் கிடைக்காதபோது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினோம். அதுதான் காரணமா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: அது ஒரு காரணம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவுதான், ஆனால் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தகட்டிலேயே தங்கும். இனி டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். படிக்குக் கீழே அந்த மூலையில் சாமி விளக்கு ஏற்றுகிறீர்களா? ஏற்றினால் இன்றைக்கே விளக்கையோ பேட்டரியையோ இடம் மாற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே வரும், ஒரு சுடர் போதும்.

ஆனால் பேட்டரியைக் கொன்றது தண்ணீர்தான் என்று இப்போதே முடிவு கட்ட மாட்டேன். தினமும் முழுசாக ஏறாமல் பாதியிலேயே நின்றாலும் இதே மாதிரிதான் ஆகும். நூறு சொச்சத்துக்கு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். ஒருநாள் முழுக்க சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் சும்மா விட்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு பேட்டரியின் ஆறு அறையிலும் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பாருங்கள். நல்ல பேட்டரி 1240 பக்கம் காட்டும். ஆறும் ஒரே மாதிரி 1180, 1190 என்று நின்றால் பேனல் போதவில்லை, பேட்டரியை இன்னும் காப்பாற்றலாம். அஞ்சு நன்றாக இருந்து ஒன்று மட்டும் 1100-க்குப் போயிருந்தால் அந்த அறை செத்துவிட்டது. ஆறு எண்ணையும், மாடியில் எத்தனை வாட் பேனல் என்பதையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கிறேன். புது பேட்டரிக்கு அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.