இருபது மீட்டருக்கு மேல் நாணை விடாதீர்கள்

தம்பி, தென்னாப்பிரிக்காவின் போலோக்வானேவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆபீஸ்காரர்கள் வில் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், இம்பாலா மானை எத்தனை மீட்டரில் அடிக்கலாம், என்ன வில், என்ன பெர்மிட் என்று கேட்டிருக்கிறீர்கள். வில்லைக் கடையில் உங்கள் கைக்கு அளந்து தருவார்கள். பெர்மிட் விவரம் பண்ணைக்காரருக்கு அத்துப்படி, அவரிடமே கேளுங்கள். தூரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

20 மீட்டர். அதைத் தாண்டாதீர்கள். நாணின் சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், கப்பி வைத்த நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பு 85 மீட்டர்தான். 30 மீட்டரில் நிற்கும் இம்பாலாவுக்குச் சத்தம் கேட்டுக் கால் நொடி கழித்துத்தான் அம்பு சேரும். அதற்குள் பாய்வதற்காகக் காலை மடக்கிப் பதுங்கிவிடும். நெஞ்சுக்கு வைத்த அம்பு முதுகில் ஏறும்.

என் முதல் குளிர்காலத்தில் 35 மீட்டரில் விட்டேன். தடம் பார்த்து விலங்கைத் தேடித் தரும் டிராக்கர் பெரியவர் ஒரு புல் தாளில் கடுகளவு ரத்தத்தை விரல் நுனியில் தொட்டுக் காட்டினார். பொழுது சாயும்வரை முள்ளுக்குள் தேடினோம், கிடைக்கவில்லை. ரத்தம் சிந்தினாலே பணம் என்பது இங்கே வழக்கம், கட்டினேன். பணம் போனது பெரிதில்லை. அந்த உயிர் எங்கே கிடந்து துடித்ததோ என்று இன்றும் உறுத்துகிறது.

நம்மவர்கள் சிலர் வீடியோ பார்த்துவிட்டு 50 மீட்டரில் அடிப்பேன் என்று வருகிறார்கள். மறைவிடத்துக்குள் போனை நோண்டுகிறார்கள், டிராக்கருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்வதில்லை. எனக்கு அது பொறுக்காது. இங்குள்ளவர்கள் பேசும் செபெடி மொழியில் நான் முதலில் கற்ற சொல்லே ‘தோபேலா’தான், வணக்கம் என்று அர்த்தம்.

சரி, முறைக்கு வருகிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காடு காய்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தே ஆக வேண்டும். காற்று தொட்டிப் பக்கமிருந்து உங்கள் முகத்தில் அடிக்கிற மறைவிடமாகப் பார்த்துக் கருப்புச் சட்டையோடு உட்காருங்கள். விலங்கு பக்கவாட்டில் நிற்கட்டும். முன்னங்கால் கோட்டிலேயே மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். இங்குள்ள மான்களுக்கு இதயம் முன்தள்ளி, தாழ்வாக இருக்கும். பட்டதும் ஓடாதீர்கள், அரைமணி பொறுங்கள். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம்.

அடுத்த வருடம் அதே தொட்டியில் மூன்று நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை, 18 மீட்டரில் ஒரு கிடா. பெரியவர் என் முழங்கையில் வைத்திருந்த கையை எடுத்த பிறகுதான் நாணை விட்டேன். நாற்பது தப்படியில் விழுந்து கிடந்தது. அன்றிரவு அவர் ஈரலைச் சுட்டார், மக்காச்சோளக் களியோடு சேர்த்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.