வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு வாரம்

கேள்வி: பர்மிங்காமில் வேலை பார்க்கும் எங்கள் மகன், கோடையில் நேரோபோட் என்னும் நீண்ட, ஒடுங்கிய கால்வாய்ப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, கால்வாய் வழியே அங்குள்ள கிராமங்களைக் காட்டுகிறேன் என்கிறான். படகை நாமே ஓட்ட வேண்டுமாம். என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. இது எங்களால் ஆகுமா?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். படகோட்ட உரிமம் தேவையில்லை. வாடகைக்குத் தருபவர்களே ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால், வழியை முடிவு செய்யுமுன் அதில் எத்தனை லாக் உண்டு என்று மகனிடம் கேளுங்கள். கால்வாய் மேடேறும் இடங்களில், இருபுறமும் கதவுள்ள தொட்டிக்குள் படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்கும் அமைப்புக்குத்தான் லாக் என்று பெயர். பெரும்பாலும் அங்கே பணியாள் இருக்கமாட்டார். பயணிகளே கரையில் இறங்கி, இரும்புக் கைப்பிடியால் மதகைத் திருகித் திறந்து, கதவின் நீண்ட மரத்தண்டை உடல்பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால், பயணம் எத்தனை மணி நேரமாகும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். கென்னட்–ஏவன் கால்வாயில் டிவைசிஸ் ஊரருகே மட்டும் 29 லாக்குகள் உள்ளதால், அந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டாம்.

லாங்கோலன் கால்வாயில், ஷ்ராப்ஷயரின் எல்ஸ்மியரிலிருந்து லாங்கோலன் வரை இரண்டே லாக்குகள். ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, சர்க் நீர்ப்பாலத்தின் மேல் வேல்ஸுக்குள் நுழைவீர்கள். அதன் பிறகு வருவது, 1805இல் திறக்கப்பட்ட பான்ட்கசல்தே நீர்ப்பாலம். உங்கள் ஊருக்கு அருகே மாத்தூர் தொட்டிப் பாலம் பட்டணங்கால் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுபோவதைப் போல, அங்கே டீ ஆற்றுக்கு மேலே 126 அடி உயரத்தில் வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று கால்வாயைச் சுமக்கிறது. அதற்குள் படகே போகிறது. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பியுடன் நடைபாதை உண்டு; மறுபக்கம் தொட்டியின் விளிம்பைத் தவிரத் தடுப்பே கிடையாது. தலைசுற்றல் உள்ளவர்கள் படகின் உள்ளே அமர்ந்துகொள்வது நல்லது.

திரும்பும்போது அந்த இரண்டு லாக்குகளிலும் கீழிறங்குவீர்கள். மேல்கதவை ஒட்டி, நீருக்கடியில் ஒரு கல்திட்டு இருக்கும். தண்ணீர் வடியும்போது படகின் பின்பகுதி அதன்மேல் சிக்கினால் படகு கவிழ்ந்து மூழ்கக்கூடும். சுவரில் அதைக் குறிக்கும் கோட்டுக்கு முன்னாலேயே படகை நிறுத்தி வைக்க வேண்டும். பல டன் எடையுள்ள படகைக் கையாலோ காலாலோ தடுக்க ஒருவரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: நம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறதே, இங்கிலாந்தில் மட்டும் எப்படிக் காப்பாற்றினார்கள்?
– ஒரு வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: அங்கேயும் ரயிலும் லாரியும் வந்தபின் பல கால்வாய்கள் கைவிடப்பட்டன. 1946இல் ஆர்வலர்கள் உள்நாட்டு நீர்வழிச் சங்கத்தைத் தொடங்கிப் போராடினார்கள். தன்னார்வலர்கள் விடுமுறை நாள்களில் சேற்றில் இறங்கித் தூர்வாரினார்கள், லாக்குகளைச் செப்பனிட்டார்கள். அப்படி மீட்கப்பட்ட கென்னட்–ஏவன் கால்வாய் 1990இல் மீண்டும் முழுநீளத்துக்கும் திறக்கப்பட்டது. சரக்குப் படகுகள் போன இடத்தில் இன்று விடுமுறைப் படகுகள் போகின்றன. அந்தப் படகுகளுக்கு உரிமையாளர்கள் செலுத்தும் உரிமக் கட்டணமும் பராமரிப்புக்கு உதவுகிறது.