பைப் மாற்றினால் வண்டி பறக்குமா? எக்ஸாஸ்ட் கேள்வி பதில்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் 22 வருடமாக மோட்டார்சைக்கிள் பிரித்துப் பூட்டுகிறேன். எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் பைப்பும் சைலன்சரும், பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, என்னுடையது யமஹா ஆர்15. சைலன்சரை மட்டும் மாற்றினால் 3 குதிரைத்திறன் கூடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (தெம்பனிஸ்)

நம்ப வேண்டாம் தம்பி. 155 சிசி வண்டி, மொத்தமே ஏறக்குறைய 19 குதிரைத்திறன். அதில் 3 என்றால் ஆறில் ஒரு பங்கு. கடைசியில் தொங்கும் ஒரு டப்பாவை மாற்றி அவ்வளவு கறக்க முடியுமானால் யமஹா பொறியாளர்கள் அதை விட்டு வைத்திருப்பார்களா? என் அனுபவத்தில் அரை, மிஞ்சினால் முக்கால். இருக்கையில் உட்கார்ந்து அதை உணர முடியாது. ஆனால் சத்தம் கூடியதும் கை தானாக ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கும். வண்டி வேகமாகப் போவது அதனால்தான்.

எடை குறைவது மட்டும் உண்மை. பெரிய வண்டிகளில் சில கிலோ குறையும். உங்கள் வண்டியில் அதுவும் பெரிதாக இருக்காது.

இன்ஜினுக்கு 'பேக் பிரஷர்' கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் இழுவை போய்விடும் என்கிறார்களே? (ஈசூன்)

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு கோப்பி குடித்துக்கொண்டே பதில் சொல்லலாம். பேக் பிரஷர் என்றால் வெளியே போகிற புகைக்கு எதிரான அழுத்தம். அப்படிப் புகையைத் தடுத்தால் எந்த நாலு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் நன்மை கிடையாது. ஆனால் பெரிய பைப் போட்டதும் கீழ்ச்சுற்றில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது, இழுவை குறைவது நிஜம். அதனால்தான் இந்தக் கதை சாகாமல் இருக்கிறது. காரணம் வேறு.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப் அகலமாகிற இடத்தை, அல்லது அதன் முனையை அடைந்ததும், அதில் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. கலவையை உள்ளே விடுவது, புகையை வெளியே விடுவது என்ற இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதிய கலவையை உள்ளே வரவழைக்கும். சூடான புகையில் அலை நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஒரு மீட்டர் பைப்பில் போய்த் திரும்ப 4 மில்லிவிநாடி. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் இன்ஜினின் கிராங்க் தண்டு ஒரு தடவை சுற்ற ஏறக்குறைய 6.7 மில்லிவிநாடி ஆகும். 4,500 சுற்றில் அதைப்போல் இரண்டு மடங்கு. அப்படியென்றால் ஒரு வேகத்தில் சரியாக வந்து சேரும் அலை, இன்னொரு வேகத்தில் முன்கூட்டியே வந்து வீணாகும்.

ஆக, பைப்பின் நீளமும் விட்டமும் எந்தச் சுற்றில் இழுவை வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. விட்டம் அதிகமானால் புகையின் வேகம் குறைந்து கீழ்ச்சுற்று மந்தமாகும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் நம் ஊரில் உங்களுக்குத் தேவை எந்தச் சுற்று? யோசியுங்கள்.

புது எக்ஸாஸ்ட் போட்டபின் ஆக்சிலேட்டரை விட்டால் 'பட் பட்' என்று வெடிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏதும் ஆபத்தா? (உட்லண்ட்ஸ்)

நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு எதற்குக் கேள்வி! எரியாத பெட்ரோல் சூடான பைப்பில் காற்றைச் சந்தித்து எரிகிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க நிறுவனமே எக்ஸாஸ்டுக்குள் கொஞ்சம் காற்றைச் செலுத்துகிறது. பழைய சைலன்சர் மறைத்த சத்தம் இப்போது வெளியே கேட்கிறது. அது பரவாயில்லை.

ஆனால் போன மாதம் ஒரு பல்சர் வந்தது. இன்ஜின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீரை சிலிண்டர் ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் தெளித்து ஸ்டார்ட் செய்தேன். புஸ் புஸ்ஸென்று நுரை. போல்ட்டைக் கழற்றினால், பைப் மாற்றியவர் நசுங்கிப்போன பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார். சுற்றிலும் மை மாதிரி கரி. ஒரு சின்ன வளையத்தை மாற்றினேன், பாதிச் சத்தம் அடங்கிவிட்டது. நீங்களும் முதலில் அங்கே பாருங்கள்.

இன்ஜினோடு சேரும் முதல் குழாயான ஹெடரிலிருந்து முழு பைப்பையும் மாற்றியிருந்தால் பெட்ரோல் அளவையும் சரிசெய்ய வேண்டும். சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் சமாளித்துக்கொள்ளும். முழுசாக முறுக்கும்போது அதை நம்ப முடியாது.

எக்ஸ்மேக்ஸ் 300 வைத்திருக்கிறேன். ஸ்கூட்டருக்கு எக்ஸாஸ்ட் மாற்றினால் பலன் உண்டா? (ஜூரோங்)

சத்தம் வரும். புறப்படும் வேகம் வேண்டுமென்றால் முதலில் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ரோலரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

ஜோகூர் பாருவில் வாங்கிய பைப்பில் வட்டத்துக்குள் 'ஈ' முத்திரை இருக்கிறது. இங்கே செல்லுமா? (சுவா சூ காங்)

அந்த முத்திரை ஐரோப்பிய விதிப்படி சோதிக்கப்பட்டது என்று சொல்கிறது, பக்கத்து எண் எந்த நாடு அனுமதித்தது என்று சொல்கிறது. 1 ஜெர்மனி, 3 இத்தாலி. இங்கே எக்ஸாஸ்டை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். உங்கள் மாடலுக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள், பிறகு காசை எடுங்கள். சத்தத்தைக் குறைக்க உள்ளே செருகியிருக்கும் 'டிபி கில்லர்' குழாயைக் கழற்றிவிட்டால் எந்த முத்திரைக்கும் அர்த்தமில்லை.

சோதனைக்குப் போகும்போது மட்டும் பழைய பைப்பைப் பூட்டினால் போதாதா? (ஹவ்காங்)

நிறையப் பேர் செய்கிறார்கள். மூன்று வயதைத் தாண்டிய வண்டிக்கு வருடம் ஒரு முறைதான் சோதனை, மிச்சம் 364 நாள் சாலையில் போலிஸ் நிற்கிறார்கள். சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் தேடும் முதல் சாக்கும் அதுதான். என் கடையில் இந்த வேலையை எடுப்பதில்லை.

என் மகன் விடியற்காலை 5.30 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறான். அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யலாம், தம்பி? (செங்காங், ஓர் அம்மா)

அம்மா, டெசிபல் கணக்கு விசித்திரமானது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும். ஆனால் எதிரெதிரே இரண்டு வீவக அடுக்குமாடி புளோக் நிற்கும் இடத்தில் சத்தம் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும். பத்தாவது மாடிக்காரரும் எழுந்துகொள்வார்.

டிபி கில்லரைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து 'சூடாக்க' வேண்டிய அவசியம் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இல்லை. அரை நிமிடம் போதும். புளோக்கைத் தாண்டும்வரை கியரை ஏற்றி, சுற்றைக் குறைத்து மெதுவாகப் போகட்டும். முடிந்தால் பழைய சைலன்சரையே பூட்டட்டும்.

பழைய ஆர்எக்ஸ்கே டூ ஸ்ட்ரோக். சைலன்சருக்குள் இருக்கும் குழாயை எடுத்துவிட்டால் பறக்குமா? (பிடோக்)

நானும் 19 வயதில் அப்படித்தான் செய்தேன். அப்பாவின் வண்டி. தேக்காவரை கேட்கும் சத்தம், மேட்டில் ஏறத் திணறல். டூ ஸ்ட்ரோக்கில் பைப்பும் இன்ஜினின் பாகம்தான். அதன் விரியும் கூம்பு புகையை இழுக்கும். குறுகும் கூம்பு, வெளியே நழுவும் பெட்ரோல் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளும். முனைக் குழாயின் விட்டம் அந்த அழுத்தத்தைக் காக்கிறது. நாலு ஸ்ட்ரோக்குக்குச் சொன்ன பாடம் இங்கே பொருந்தாது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாவியை மட்டும் ஆறு மாதம் ஒளித்து வைத்தார்.

இரண்டு வருடம் முன்பு முறையாக அனுமதி வாங்கிப் போட்ட பைப். இப்போது சத்தம் முன்பைவிட அதிகம். ஏன்? (பொங்கோல்)

சைலன்சருக்குள் ஓட்டைகள் போட்ட குழாயைச் சுற்றி, சத்தத்தை உறிஞ்ச வைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு எரிந்துபோயிருக்கும். சமீபத்தில் ஒன்றைத் திறந்தேன். பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பிடி கறுப்புத் தூள். ரிவெட்டை எடுத்து, புதுப் பஞ்சை இறுக்கமாகச் சுற்றி மூட வேண்டும், ஒரு மணி நேர வேலை. வெறும் கையால் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும்.