முகப்புரையைக் காட்டி வழக்குப் போடலாமா?

கேள்வி: நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்புரை சொல்கிறது. இவை மீறப்பட்டால் முகப்புரையைக் காட்டியே வழக்குத் தொடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: முகப்புரையை மட்டும் காட்டினால் வழக்கு நிற்காது. அந்தக் கொள்கை எந்தப் பிரிவில் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தப் பிரிவைச் சொல்ல வேண்டும். சமத்துவத்துக்கு 14 முதல் 18 வரை, சுதந்திரத்துக்கு 19 முதல் 22 வரை. இவற்றை அரசு மீறினால் பிரிவு 32-ன்படி உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போகலாம். ஆனால் பெரும்பாலான வழக்குகளுக்கு பிரிவு 226-ன்படி உயர் நீதிமன்றத்தை நாடுவதே நல்லது. அடிப்படை உரிமை மட்டுமல்ல, வேறு சட்ட உரிமைகளுக்காகவும் அங்கே பேராணை (‘ரிட்’ எனப்படும் நீதிமன்ற ஆணை) கேட்க முடியும்.

பலர் சறுக்குவது நான்காம் பகுதியில்தான். 36 முதல் 51 வரை உள்ள, அரசு பின்பற்ற வேண்டிய வழிகாட்டு நெறிமுறைகளை நீதிமன்றம் மூலம் செயல்படுத்த முடியாது என்று பிரிவு 37 வெளிப்படையாகச் சொல்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் இந்தப் பகுதியில், பிரிவு 39-ல் இருக்கிறது. அதை மட்டும் நம்பி மனுப் போட்டால் தள்ளுபடிதான். டில்லி காவல் துறையில் ஓட்டுநராக இருந்த ரந்திர் சிங், மற்ற துறை ஓட்டுநர்களுக்கு இணையான ஊதியம் கேட்டார். 1982-ல் உச்ச நீதிமன்றம் பிரிவு 39-ஐ முகப்புரையோடும் 14, 16 ஆகிய பிரிவுகளோடும் சேர்த்துப் படித்து, அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முகப்புரையின் பலம் இங்கேதான் இருக்கிறது: தனியாக வழக்கை நடத்தித் தராது, மற்ற பிரிவுகளுக்கு எப்படிப் பொருள் கொள்வது என்பதைத் தீர்மானிக்கும்.

கேள்வி: முகப்புரை சட்டத்தின் பகுதியே அல்ல என்று ஒரு பழைய வழிகாட்டி நூலில் படித்தேன். சரியா? (மதுரை வாசகி)

பதில்: 1960-ல், மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து அது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் அது மாறிவிட்டது. முகப்புரையும் சட்டத்தின் பகுதியே. அதனால்தான் 1976-ல் 42-வது திருத்தம் ‘சமதர்ம’, ‘சமயச்சார்பற்ற’ என்ற சொற்களையும் ‘ஒருமைப்பாடு’ என்பதையும் அதில் சேர்க்க முடிந்தது.

கேள்வி: மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்கள் இருந்தால் ஆளும் கட்சி எதையும் மாற்றிவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். பிரிவு 368 இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே விதிக்கிறது. வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதியைத் தாண்டவும் வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 390 பேர் வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்கு 260. ஆனாலும் 272 இல்லாவிட்டால் மசோதா தோற்றுவிடும். மாநிலங்களவையிலும் இப்படியே தனியாக நிறைவேற வேண்டும். இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டித் தீர்க்க இங்கே வழியில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கு அதிகாரங்களைப் பிரித்துத் தரும் ஏழாவது அட்டவணையின் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், பிரிவு 368 போன்றவற்றைத் தொட்டால், குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவை.

இத்தனையையும் தாண்டினாலும் ‘எதையும்’ மாற்ற முடியாது. கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைக்கக் கூடாது என்றனர். எவையெல்லாம் அடிப்படை என்று மூடிய பட்டியல் எதுவும் கிடையாது. மக்களாட்சி, கூட்டாட்சி, சமயச்சார்பின்மை, சட்டம் செல்லுமா என்று பார்க்கும் நீதிமன்றங்களின் சீராய்வு அதிகாரம் என்று வழக்குக்கு வழக்கு அது வளர்ந்து வந்திருக்கிறது.

இரண்டே ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று 1975 ஜூனில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே 39-வது திருத்தம் வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே முடியாதபடி செய்தது. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோதே, நவம்பர் மாதத்தில், அந்த உட்பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் தேர்தலில் வென்றது செல்லும் என்று அதே தீர்ப்பு சொன்னதும் உண்மை. ஆனாலும், நடந்து முடிந்த ஒரு வழக்கின் முடிவை அரசியலமைப்புத் திருத்தத்தாலேயே எழுதிவிட முடியாது என்பது அன்று உறுதியானது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் இந்த எல்லையை வரையலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். எல்லையே இல்லாவிட்டால் அடுத்த தேர்தலையே தள்ளிக்கொண்டு போகும் திருத்தத்தையும் ஏற்க வேண்டிவரும் என்பதால், இந்தக் கோட்பாடு வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: மெட்ராஸ் மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனதும் இப்படிப்பட்ட திருத்தத்தாலா? (சேலம் வாசகி)

பதில்: இல்லை. மாநிலத்தின் பெயர், எல்லை, பரப்பு ஆகியவற்றை பிரிவு 3-ன்படி சாதாரணப் பெரும்பான்மையிலேயே நாடாளுமன்றம் மாற்றலாம். அது பிரிவு 368-ன் பொருளில் திருத்தம் ஆகாது என்று பிரிவு 4 சொல்கிறது. அப்படி இயற்றிய சட்டத்தால்தான் 1969 ஜனவரி 14 முதல் ‘தமிழ்நாடு’ என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. மசோதாவைப் பற்றி மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும். அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.