சிங்கப்பூரில் மனித உரிமைகளைச் சாதாரண ஆள் கண்காணிக்க முடியுமா?

"இவ்வளவு சின்ன நாட்டில் மனித உரிமைகளைக் கண்காணிக்க என்ன இருக்கிறது, அதைச் சாதாரண ஆள் செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போராட்டத்துக்கு அனுமதியுள்ள ஹொங் லிம் பூங்காவில் பதாகை பிடிப்பதை நினைத்துத் தயங்குகிறீர்கள் போல. நான் செய்வது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் ஒரு மேசையில் உட்கார்ந்து, வெளிநாட்டு ஊழியர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதுகிறேன்.

2018-ல் அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, நாலு மாசமா சம்பளம் வரல" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். சமரசப் பேச்சில் நிறுவனம் வங்கிக் கணக்கை எடுத்து வைத்தது. இரண்டு மாதச் சம்பளம் போட்டிருந்தார்கள். தம்பி பொய் சொல்லவில்லை, வந்த பணத்தைப் பழைய ஓவர்டைம் பாக்கி என்று நினைத்துவிட்டார். ஆனால் "இதுவே தப்பு என்றால் மற்றதை எப்படி நம்புவது?" என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நியாயமான பாக்கியிலும் பாதிதான் கிடைத்தது. விசாரிக்காமல் எழுதியவன் நான். அது இன்னும் உறுத்துகிறது.

இப்போது முதலில் சம்பளச் சீட்டைத்தான் கேட்பேன். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சீட்டு தருவது முதலாளியின் சட்டக் கடமை. தரவில்லையா, அதுவே என் முதல் வரி. அப்புறம் கைப்பேசியில் டைம் கார்டு (வேலை நேரம் பதியும் அட்டை) படங்கள். ஒருவர் தினமும் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார், ஓரமெல்லாம் சிமெண்டு விரல் தடம். வேலை முடிந்த நாளையும் கேட்க வேண்டும், அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை வைத்தாக வேண்டும்.

ஐநாவில் 2011, 2016, 2021 ஆண்டுகளில் நம் நாட்டின் மனித உரிமை நிலையை ஆய்வு செய்தபோது, இங்குள்ள அமைப்புகளும் அறிக்கை கொடுத்தன. இப்படிப்பட்ட குறிப்புகள் இல்லாமல் அறிக்கையில் எதை எழுதுவது? 2019-ல் வந்த பொய்ச்செய்திச் சட்டத்தின்படி, தவறான தகவலுக்குத் திருத்தம் போடச் சொல்லி அமைச்சர் உத்தரவிடலாம். ஒரு எண் பிசகினாலும் பேச்சு அதிலேயே நின்றுவிடும்.

நாட்டைக் குறை சொல்கிறவன் என்று சிலர் வருவார்கள். தேசிய சேவை செய்தவன் நான், என் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். என் நாடு என்பதால்தான் எழுதுகிறேன்.

என் வருத்தமெல்லாம் நம் சிங்கப்பூர்த் தமிழர்கள் மேல்தான். பொங்கலுக்குத் தேக்காவில் படம் எடுக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எம்ஆர்டி ரயிலில் ஒரு வெளிநாட்டு ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிறார்கள். போன ஞாயிறு மேசைக்கு முன்னால் ஏழு பேர் காத்திருந்தார்கள். தமிழில் கேட்டு எழுத நான் ஒருவன்தான் இருந்தேன்.