குப்பைமேட்டுச் செடிகளும் ஒரு கேள்வியும்

கேள்வி: ஓவியம் பயிலும் என் மகள், விலங்குகளாகவும் மனிதர்களாகவும் வெட்டி வடிவமைக்கப்பட்ட செடிகளின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வரைகிறாள். பணக்காரர்கள் பகட்டுக்காகச் செடிகளை வதைக்கும் இந்த வேலையில் ஒரு கலைஞர் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மகள் பார்த்ததை நீங்களும் சற்று நின்று பார்த்திருக்க வேண்டும். பகட்டு என்ற குற்றச்சாட்டை நான் முழுவதும் மறுக்கவில்லை. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர், ஆந்த்ரே லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞரைக் கொண்டு வெர்சாயில் அமைத்த தோட்டத்தில், மரமும் தன் ஆணைக்கு அடங்கி நிற்கும் என்று காட்டும் அரசச் செருக்கு இருந்தது. ஆனால் அமெரிக்காவின் தென் கரோலினாவில், பிஷப்வில் என்ற சிற்றூரில் பெர்ல் ஃப்ரையர் உருவாக்கிய தோட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அவர் குத்தகை விவசாயி ஒருவரின் மகன். உலோக டப்பாக்கள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். கறுப்பினத்தவர் வீட்டு முற்றத்தைச் சரியாகப் பேண மாட்டார்கள் என்று வெள்ளையர் பேசிய ஊரில், 1980களில், நர்சரிக்காரர்கள் குப்பையில் எறிந்த செடிகளை எடுத்து வந்து நட்டு, ஆலை வேலை முடிந்த பிறகு இரவில் விளக்கு வைத்துக்கொண்டு ஏணி மீது நின்று கவாத்து செய்து, உலகில் வேறெங்கும் காணாத வடிவங்களை வளர்த்தெடுத்தார். முறையான கலைப் பயிற்சி எதுவும் பெறாதவர் அவர்.

ஓவியம் பயில்பவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை புள்ளி புள்ளியாகத் தீட்டிய, ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் மக்களின் ஓவியத்தை, ஜேம்ஸ் மேசன் என்ற சிற்பி உலோகச் சட்டங்களின் மீது யூ (yew) என்ற பசுமைமாறா மரத்தின் செடிகளை வளரவிட்டு ஒரு பூங்காவாகவே ஆக்கினார். 54 மனிதர்கள், 8 படகுகள், 3 நாய்கள், ஒரு குரங்கு, ஒரு பூனை. நடுவே உண்மையான குளம். ஓவியர் தம் மாந்தரின் ஒரு பக்கத்தைத் தீட்டினால் போதும், மேசனோ ஓவியத்தில் இல்லாத மறுபக்கத்தையும் கற்பனை செய்தாக வேண்டியிருந்தது. சூராவின் வண்ணப்புள்ளி இருந்த இடத்தில் இங்கே இலை இருக்கிறது. அந்த இலை அடுத்த பருவத்தில் கோட்டைத் தாண்டி வளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்தே சிற்பி திட்டமிடுகிறார். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது இதுதான்: கல்லும் வெண்கலமும் உளியைக் கீழே வைத்ததும் அப்படியே நின்றுவிடும், செடியோ ஒவ்வோர் ஆண்டும் சிற்பிக்கு மறுமொழி சொல்லும்.

வதை என்ற சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். யூ மரத்தைப் பழங்கட்டை வரை வெட்டினாலும் அது மீண்டும் துளிர்க்கும். அதன் சிறிய, அடர்ந்த இலைகளும் நிதானமான வளர்ச்சியும் வடிவத்தைத் தாங்கி நிற்கின்றன. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் தோட்டத்தில் 1690களில் நடப்பட்ட யூ மரங்கள், தலைமுறை தலைமுறையாக வெட்டுண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். படங்களோடு நின்றுவிடாமல், உங்கள் ஊர்ப் பூங்காவில் கவாத்து நடக்கும் நாளன்று அவளை அழைத்துச் சென்று, ஒரே புதரை வெட்டுவதற்கு முன்பும், வெட்டிய உடனேயும், துளிர்விட்ட பிறகும் மூன்று முறை வரையச் செய்யுங்கள்.